கைவிட்டதற்கு ஒரு மாடு

என் அக்கா அம்சவேணிக்கு மாதப் பணம் நின்றுபோனதை அரசாங்கம் அவளுக்குச் சொல்லவில்லை. சோளக்காட்டுச் சந்தையில் கைரேகை வாங்கிக்கொண்டு பணம் எடுத்துக் கொடுக்கிறவன்தான் சொன்னான்.

"ஏறலீங்கக்கா. அடுத்த மாசம் பாருங்க."

அடுத்த மாதமும் ஏறவில்லை. அதற்கடுத்த மாதம் அவனே சலித்துப்போனான். "என்னையே கேட்டா நானென்ன நோட்டு அடிச்சா தர முடியும்? ஆபீஸ்ல போயிக் கேளுங்க."

அது பெண்களுக்கு அரசு மாதாமாதம் போடும் உதவித்தொகை. டவுனில் இருக்கிறவர்கள் அதைப் பிச்சைக்காசு என்று கேலி பேசுவார்கள். பேசி முடித்துவிட்டு அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்து வரிசையில் நிற்பார்கள். அக்காவுக்கு அந்தப் பணத்தில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது.

மலையில் மிளகு தை, மாசிக்குத்தான் கைக்கு வரும். ஆடியிலிருந்து ஐப்பசி வரை மழை; யாரிடமும் காசு இருக்காது. அந்தச் சமயம் பார்த்துக் கீழேயிருந்து வியாபாரி ஏறி வருவார். கொடியில் சரம் விட்டிருக்கும் மிளகுக்கு அப்போதே விலை பேசி முன்பணம் கொடுப்பார். பறிக்கிற காலத்தில் விலை எங்கே போயிருந்தாலும் பேசின விலைதான். எங்கள் வாழவந்தி நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) பாதிப் பேர் இப்படித்தான் தங்கள் மிளகையே அடுத்தவனுக்குக் கூலிக்குப் பறிப்பதுபோலப் பறித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார்கள். அக்கா மட்டும் இரண்டு வருஷமாக முன்பணம் வாங்கவில்லை. மாதப் பணத்தில் மழைக்காலத்து அரிசியும் எண்ணெயும் ஓடின. மிளகைக் காயவைத்து மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, விலை ஏறும்வரை உட்கார்ந்திருந்து விற்றாள். வியாபாரி ஹபீப் ரஹ்மான் சேந்தமங்கலத்திலிருந்து வந்து அவள் களத்தில் நின்று, "என்ன விலைக்குத் தர்றே?" என்று கேட்க வேண்டியிருந்தது. அவர் கேட்பதும் தான் சொல்வதும் அவளுக்குப் பிடித்திருந்தது. பணம் நின்றால் அது போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். கீழே ஒரு நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்குகிறவனை வேலையில்லாதவன் என்றுதான் எங்கள் வீட்டில் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதனால் ஆபீஸ் வேலை எல்லாம் என் தலையில் விழும். ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் தலை ஜன்னல் கம்பியில் இடிபடத் தூங்கிக்கொண்டே மேலே வந்து சேர்ந்தேன். அக்கா விண்ணப்ப மையத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் தாரணி. பக்கத்து ஊர்ப் பெண்தான். அவள் தலைக்கு மேலே புது நோட்டீஸ் ஒட்டியிருந்தது: 'விண்ணப்ப நடைமுறைகள் எளிமையாக்கப்பட்டுள்ளன.' எங்கள் மில்லில் எட்டு மணி நேர ஷிப்டைப் பன்னிரண்டாக்கியபோதும் எளிமை என்றுதான் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு இடுப்பு வலிக்கும்.

"விதி மாத்திட்டாங்கக்கா," என்றாள் தாரணி. "முன்னாடி தனியா இருக்கறீங்கன்னு வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டாப் போதும். இப்ப அது செல்லாது. எல்லாரும் புதுசா விண்ணப்பிக்கணும். கோர்ட்டு விவாகரத்துத் தீர்ப்பு வச்சிருக்கீங்களா?"

"கோர்ட்டா? எங்களுக்கெதுக்குக் கண்ணு கோர்ட்டு? ஊர்க் கவுண்டர் முன்னால அன்னைக்கே தீந்துபோச்சே."

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்களேக்கா. அப்படீன்னா ஊட்டுக்காரரு போனுக்கு ஒரு நம்பர் வரும். அத வாங்கிச் சொல்லுங்க, அவரு சம்சாரம்னே போட்டுறலாம்."

"ஊட்டுக்காரனே இல்லைங்கறேன். நீ அவன் போனக் கேக்கறயே."

"ரேஷன் கார்டுல இருக்காருங்களே."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நோட்டீஸைப் பார்த்தேன்.

"இன்னொரு வழி இருக்குதுக்கா," என்றாள் தாரணி. "கணவரால் கைவிடப்பட்டவர்னு சான்று வாங்கணும். அவரே ஆபீசர் முன்னால வந்து, நான்தான் இவங்களக் கைவிட்டேன்னு வாக்குமூலம் குடுக்கணும்."

"யாரு? சின்னராசா? என்னைய அவன் கைவிட்டானா?"

அக்கா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கதை தெரியும்.

குண்டனி நாட்டுச் சின்னராசுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தபோது அவன் வீட்டில் பரியமாகக் கொடுத்தது ஒரு கறவை மாடு. எங்கள் ஊர்களில் பெண்ணுக்குத்தான் பரியம் கொடுத்துக் கட்டுவார்கள். ஒத்துவரவில்லை என்றால் வழக்குத் தீர்த்துவைக்கும் ஊர்த் தலைவரான கவுண்டர் முன்னால் போய்த் தீர்த்துக்கொள்ளலாம், அதில் அவமானம் ஒன்றும் கிடையாது. பெண் வேண்டாமென்று வந்தால் பரியத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு வர வேண்டும். ஆண் வேண்டாமென்று விட்டால் பரியம் பெண்ணுக்கே சொந்தம். அவன் அதைப்பற்றி வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் முறை.

சின்னராசு அக்கா நட்டு வளர்த்த கொடியிலிருந்த மிளகை அவளைக் கேட்காமல் விலைபேசி, முன்பணத்தைக் குடித்துத் தீர்த்தான். ஒரு தடவை பொறுத்தாள். மறு வருஷமும் செய்தான். அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள். பரியமாக வந்த மாடு அதற்குள் செத்துப்போயிருந்தது. அதற்கு ஈடாக எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்து ஒரு சினை மாடு வாங்கி, குண்டனி நாட்டுக்குக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய், கவுண்டர் முன்னால் சின்னராசு கையில் கொடுத்தாள். அன்றோடு தீர்ந்தது. அவள் சம்பாதித்ததிலேயே அவளுக்குப் பிடித்த சம்பாத்தியம் அந்த மாடுதான் என்று நினைக்கிறேன். கொடுத்துவிட்டு வருவதற்காகச் சம்பாதித்தது.

"விட்டுட்டு வந்தவள்னு போட எடமில்லயா கண்ணு?" என்று கேட்டாள்.

தாரணி உண்மையாகவே தேடிப் பார்த்தாள். "இல்லீங்கக்கா. கணவர் செத்துப்போயிட்டாரு, கைவிட்டுட்டாரு, காணாமப்போயிட்டாரு. மூணுதான் இருக்குது."

"காணாமப் போயிருந்தா எனக்கும் சௌகரியந்தான்," என்றாள் அக்கா.

அந்த வாரமே ஹபீப் ரஹ்மானின் வேன் ஏறி வந்தது. யார் வீட்டில் பணம் நின்றிருக்கிறது என்பது ஆபீசுக்குத் தெரியுமோ தெரியாதோ, மிளகு வியாபாரிக்குத் தெரியும். களத்து ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்சவேணி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதம்மா. முன்பணம் வேணும்னா கொண்டாந்திருக்கேன். வேண்டாம்னாலும் சரி. மழை விட்டப்புறம் கேட்டா இந்த விலை சொல்லமாட்டேன்."

"நின்னுபோச்சுன்னு யாருங்க பாய் சொன்னாங்க?"

"ஊருக்கே நின்னிருக்குது. எங்க ஊட்டுக்காரி தாஹிராவுக்கும் நிறுத்திட்டாங்க. என் பேருல லாரி இருக்குதாம். அந்த லாரியை வித்து நாலு வருசமாச்சு. ஆபீஸ்ல மட்டும் இன்னும் ஓடிக்கிட்டே இருக்குது. டீசல் கேக்காம ஓடற லாரிய நான் இப்பத்தாம்மா பாக்கறேன்."

அக்கா சிரித்தாள். ஆனால் கை நீட்டவில்லை. "ஐப்பசி வரைக்கும் பொறுங்க பாய். அதுக்குள்ள சொல்றேன்," என்றாள். அவர் போன பிறகு வெகுநேரம் கொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் அரிசி எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"போயிச் சின்னராசப் பாத்துட்டு வரலாம்," என்றேன்.

சின்னராசு இப்போது சேந்தமங்கலத்தில் ஒரு பழைய டயர் கடையில் இருக்கிறான். ராதிகா என்ற பெண்ணோடு குடித்தனம். 'அம்சவேணியை நான்தான் துரத்திவிட்டேன்' என்று டயர் கடையில் ஆரம்பித்து டீக்கடை வரைக்கும் சொல்லிவைத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"என்ன, திரும்பி வந்தரலாம்னு பாக்கறயா?"

அக்கா பதில் சொல்லும் முன்னால் உள்ளேயிருந்து ராதிகாவின் குரல் வந்தது. "வந்தா வரட்டும். உனக்குச் சோறாக்கற வேலையாச்சும் எனக்கு மிச்சம்."

ராதிகா எங்களை உட்காரச் சொன்னாள். அவளுடைய கதை இன்னும் கேவலம். சின்னராசின் கார்டில் மனைவி என்று அம்சவேணி பெயர் இருப்பதால் அவளுக்கு விண்ணப்பமே எடுக்கவில்லை. பெயரை நீக்கப் போனால் அதற்கும் கோர்ட்டுத் தீர்ப்பு, இல்லாவிட்டால் கைவிட்ட சான்று. இரண்டு பெண்களுக்கும் வேண்டாத ஒரு ஆளை இரண்டு பேர் கழுத்திலும் கட்டித் தொங்கவிட்டிருந்தது அந்தப் புது விதி.

"ஆபீசுக்கு வந்து நாந்தான் விட்டேன்னு சொல்லீட்டுப் போய்யா," என்றாள் ராதிகா. "ஊரெல்லாம் அதத்தானே சொல்லிக்கிட்டுத் திரியறே. காசாகறதுக்கும் ஒருவாட்டி சொல்லு."

சின்னராசு மீசையைத் தடவினான். "சொல்லலாம். சொல்றதுக்கென்ன? நடந்தது அதுதானே?"

அக்கா என்ன செய்வாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. கடையில் டயர் நெம்பும் கம்பி வேறு கை எட்டும் தூரத்தில் கிடந்தது. அவள் எழுந்து, "திங்கக்கிழம வந்துரு," என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை ஆபீசரின் மேசையில் ஃபைலைவிட போன் சார்ஜர்கள் அதிகம் இருந்தன. எங்களை நிமிர்ந்து பார்க்காமலே ஆரம்பித்தார்.

"இவரு உங்கள எப்பக் கைவிட்டாரு?"

"இவன் விடலீங்க. நான்தான் விட்டேன்."

இப்போது நிமிர்ந்தார். "அம்மா, அப்படி எழுத எடமில்ல."

"எடமில்லீன்னா ஓரத்துல எழுதுங்க."

"ஓரத்துல எழுதுனா கம்ப்யூட்டர் எடுத்துக்காதும்மா. உங்களுக்குப் பணம் வேணுமா, வேண்டாமா?"

சின்னராசு குறுக்கே புகுந்தான். "நான்தாங்கய்யா தொரத்திவிட்டேன். ஒழுங்காச் சோறாக்கத் தெரியாதுங்க. எத்தன நாளைக்குப் பொறுக்கறது?"

கிளார்க் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "சமையல் தெரியாத காரணத்தால்..." அரசாங்கக் காகிதத்தில் என் அக்காவின் குழம்பைப்பற்றி ஒரு வரி ஏறியது. அவள் ஆக்கினதை வருஷக்கணக்கில் தின்று தொப்பை வளர்த்தவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அக்கா கிளார்க் தட்டின வரியை எட்டிப் பார்த்தாள். பிறகு ஆபீசரைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள். "ஏனுங்க, இவன் சொன்னது சொன்னதுதானுங்களா? நாளைக்கு மாத்திச் சொன்னா?"

"கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திட்டா இதுதாம்மா உண்மை. மாத்திச் சொன்னா பொய் வாக்குமூலம். கேஸாயிரும்."

"அப்படீங்களா? அப்பச் சரிங்க. எழுதிக்குங்க."

சின்னராசு கையெழுத்துப் போட்டான். அக்காவும் போட்டாள். முத்திரை விழுந்தது. "எனக்கொரு நகல் வேணுங்க," என்றாள்.

பஸ்ஸில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இரண்டு நாள் தூக்கம் பாக்கி. "பேசாம பாய்கிட்ட முன்பணம் வாங்கியிருக்கலாம். மானமாவது மிஞ்சியிருக்கும்," என்றேன்.

அக்கா காகிதத்தை மழை படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டாள். "வியாழக்கிழம மில்லுக்கு லீவு போடு. குண்டனி நாட்டுக்குப் போகணும்."

"அங்க எதுக்கு?"

"மாட்டப் புடிச்சுட்டு வாரதுக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூக்கம் போய்விட்டது.

ஊர்க் கவுண்டர் ஆறுமுகசாமியை எனக்குப் பிடிக்காது. எந்த வழக்கானாலும் இரண்டு பக்கமும் ஒரு கோழி வாங்கிக்கொள்வார். கோழிக்குத் தகுந்தபடி பேச்சும் வளரும். அன்று அவருக்கு வாழைத்தார் லோடு ஏற்ற வேண்டியிருந்ததால் அவசரத்தில் இருந்தார். அவர் ஆள் சொல்லி அனுப்பியதில் சின்னராசும் ராதிகாவும் மொபெட்டில் வந்து இறங்கினார்கள். அவன் அம்மா வீட்டுப் பட்டியில் அக்கா கொடுத்த மாடு நின்றுகொண்டிருந்தது, பக்கத்தில் அது போட்ட கிடேரியோடு. வேடிக்கை பார்க்க ஊர் வந்திருந்தது.

"என்னம்மா, தீந்த வழக்குத்தானே?" என்றார் கவுண்டர்.

"தீத்தது தப்பாப் போச்சுங்க. நான் விட்டுட்டு வந்தேன்னு நெனச்சு மாட்டக் குடுத்துட்டேன். இவன்தான் என்னைய விட்டானாம். கவியரசா, படி."

நான் நகலைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன். "...சின்னராசு ஆகிய நான், என் மனைவி அம்சவேணியைச் சமையல் தெரியாத காரணத்தால், என் சொந்த விருப்பத்தின் பேரில் கைவிட்டுவிட்டேன் என்று உறுதி கூறுகிறேன்." முத்திரையைக் கவுண்டரிடம் காட்டினேன். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆம்பள விட்டா பரியம் யாருக்குங்க?" என்று கேட்டாள் அக்கா.

கூட்டத்தில் முதலில் ஒரு கிழவி சிரித்தாள். சின்னராசு பதறிப்போனான்.

"அது ஆபீசுக்குச் சொன்னதுங்க கவுண்டரே! நெசமா அப்படியா நடந்துச்சு? இவதான் என்னைய வேண்டாம்னு போட்டுட்டுப் போனா. ஊருக்கே தெரியுமில்ல?"

இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த உண்மை வந்தது அப்போதுதான். அதுவும் சொந்த ஊரில், நடு ரோட்டில், புதுப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"அப்படியா?" என்றாள் அக்கா. "அதயே ஆபீஸ்ல வந்து சொல்லு. இப்பவே போலாம். பஸ் இருக்குது. பொய் வாக்குமூலத்துக்குக் கேஸுன்னு அந்த ஐயா சொன்னாரில்ல?"

ராதிகா மொபெட் சாவியைச் சுழற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "நீ போயி மாத்திச் சொன்னீன்னா எம் பேரு கார்டுல ஏறாது. மாட்டக் குடுத்துத் தொலைய்யா. பாலு பூரா உங்கம்மா கறந்து குடிக்குது, எனக்கென்ன ஒரு டம்ளரா வருது?"

"ஏய், நீ யாரு பக்கம்?"

"எம் பக்கம்."

கவுண்டர் வாழைத்தாரைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். "ஆபீஸ்ல ஒண்ணு, ஊர்ல ஒண்ணு நடக்காது. சர்க்கார் முத்திரைய மீறி நான் சொல்ல முடியாது. மாடும், அது ஈன்ன கிடேரியும் அம்சவேணிக்கு. எடுத்துட்டுப் போம்மா." கோழி இரண்டையும் காலைக் கட்டி லோடு வண்டியில் போட்டுக்கொண்டார். முதல் தடவை தீர்த்தபோதும் இரண்டு கோழிதான்.

மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தோம். அதற்கு அக்காவை அடையாளம் தெரிந்ததாகவெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. புல் இருக்கிற பக்கம் இழுத்தது. கிடேரி இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கி என்னைச் சேற்றில் புரளவைத்தது.

மறுவாரத்திலிருந்து பால் வண்டிக்குப் பால் ஊற்ற ஆரம்பித்தாள். ஐப்பசியில் ஹபீப் ரஹ்மான் வந்தார். பட்டியைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், குடையை மடக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப முன்பணம் வேண்டாம்?"

"வேண்டாங்க பாய். மாசில வந்து விலை கேளுங்க. சொல்றேன்."

"நானும் ஆபீசுக்குப் போயி என் லாரியக் குடுங்கன்னு கேட்டுப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

விண்ணப்பம் என்னவாயிற்று என்றால், 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. ராதிகாவுக்குப் பெயர் ஏறியது; ஏறின பிறகு கல்யாணப் பதிவுச் சான்று கேட்டார்களாம். கார்த்திகையில் விதிமுறைகளை இன்னொரு தடவை எளிமையாக்கினார்கள். வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று தாரணியையே போனைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அவள் சேறு அப்பிய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

கூரை, கக்கூஸ், கேஸ் அடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தவள் ஒரு கேள்வியில் நின்றாள். தலையைத் தூக்கிப் பட்டியைப் பார்த்தாள். மாடு அவளைப் பார்த்து அசைபோட்டது. கிடேரி அவள் துப்பட்டா நுனியை நக்கிக்கொண்டிருந்தது.

"கறவை மாடு இருக்குதான்னு புதுசாச் சேத்திருக்காங்கக்கா. இருக்குதுன்னு போட்டா தள்ளீரும்." குரலைத் தாழ்த்தினாள். "இல்லீன்னு போட்டுறட்டுங்களா?"

நான் போடச் சொல்லி அக்காவுக்குக் கண் காட்டினேன். ஒரு பொய்க்கு ஒரு மாடு கிடைத்ததென்றால் இன்னொன்று சொல்வதில் நஷ்டம் என்ன?

அக்கா பால் சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். "அன்னைக்கு விட்டுட்டு வந்தவள்னு சொன்னேன், எடமில்லீன்னாங்க. இன்னைக்கு மாட்டுக்கு எடம் வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்கக்கா."

"அப்ப இருக்குதுன்னே போடு கண்ணு. நான் சம்பாரிச்சது ஒண்ணாச்சும் அதுல ஏறட்டும்."

தாரணி தயங்கித் தயங்கித் தட்டினாள். மறுபடி நிமிர்ந்தாள். "போட்டோ கேக்குதுங்கக்கா. மாடும் நீங்களும் ஒண்ணா நிக்கணுமாம்."

அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். மாடு கேமராவுக்கு முதுகைக் காட்டியது. அவள் அதைத் திருப்பவில்லை.